மன்னிப்புக்கு எழுதிய கேஸ்

கேஸ் எழுதுவது எப்படி என்று எங்கள் ஆட்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜெர்மனிக்கு வந்து இறங்கியதும், அகதியாக ஏற்கச் சொல்லி நாங்கள் எழுதிய முதல் கட்டுரை அதுதான். எந்த ஊர், யார் பிடித்தார்கள், எங்கே வைத்திருந்தார்கள், ஏன் திரும்பிப் போக ஏலாது என்று எல்லாவற்றையும் வரிசையாக எழுத வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வரி வரவேண்டும்: நான் ஒரு குற்றமும் செய்யவில்லை. அந்த வரி இல்லாத கேஸ் ஒரு கேஸே இல்லை. அந்த வரியை வைத்துத்தான் கொலோனில் பாதிப் பேர் காலூன்றினார்கள், பிள்ளைகளைப் படிப்பித்தார்கள், பிறகு ஆற அமர இருந்து ஒரு சங்கத்தை இரண்டாக உடைத்தார்கள்.

என் தம்பி மலேசியாவில் சிறையில் இருக்கிறான். யுத்தம் முடிந்த பிறகு, என்னிடம் வந்து சேர்வதற்காக வெளிக்கிட்டவன். ஏஜென்சிக்காரன் அவனைக் கோலாலம்பூரில் இறக்கிவிட்டு, இந்தா வாறன் என்று போனவன் போனவன்தான். தம்பி ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவிக்கொண்டு இருந்தான். வடக்கில் ஒரு ஊருக்கு, கூட வேலை செய்த பெடியனின் கலியாணத்துக்கு பஸ்ஸில் போகப் புறப்பட்டபோது, கடைக்குத் தினமும் சாப்பிட வரும் ஒருவன், என்ர சொந்தக்காரர் பஸ் நிலையத்துக்கு வருவினம், இந்தப் பையை மட்டும் குடுத்துவிடு என்றான். வழியில் பொலிஸ் பஸ்ஸை மறித்தது. பைக்குள் இருந்த சாமானுக்கு அந்த நாட்டில் தூக்கு.

எனக்குத் தெரியாது என்று தம்பி சொன்னான். பொலிஸில் சொன்னான், கோர்ட்டில் சொன்னான், அதற்கு மேல் கோர்ட்டில் சொன்னான், அதற்கும் மேல் கோர்ட்டிலும் சொன்னான். ஒருவரும் நம்பவில்லை. பிறகு அங்கே சட்டம் மாறி, தூக்கு நீண்ட சிறையாகியது. உயிர் தப்பிவிட்டது, கோயிலில் ஒரு பொங்கல் பொங்குங்கோ என்று சனம் சொன்னது. பொங்கினேன். ஆனால் அவனுக்குச் சீனி வருத்தம் வந்து, இடது காலில் விரல்களை எடுத்துவிட்டார்கள். தண்டனை முடியும் வரைக்கும் இந்த உடம்பு தாங்காது என்று சிறை டொக்டரே சொன்னாராம். கோர்ட் வாசல் எல்லாம் மூடியாகிவிட்டது. மிச்சம் இருந்தது அரசர் மட்டும்தான்.

அரசர் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குச் சந்தோசம் வந்தது. நான் இந்த நாட்டில் இத்தனை காலமும் கண்டதெல்லாம் கந்தோரும் நம்பர் துண்டும்தான். ஒரு பத்திரம் குறையுது, இன்னொரு நாளைக்குத் தெர்மின் எடுத்துக்கொண்டு வாங்கோ என்று கண்ணாடிக்குப் பின்னால் இருந்து சொல்லுவார்கள். அரசருக்குக் கண்ணாடி இல்லை, நம்பர் துண்டு இல்லை. அவர் மனம் இரங்கினால் வாயால் ஒரு வார்த்தை, கதவு திறக்கும். முதியோர் இல்லத்தில் கிழவர் கிழவிகளைத் தூக்கித் தூக்கி நாரி முறிந்த மனுஷி நான், இதை நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது?

அரசரிடம் மன்னிப்புக் கேட்கும் மனுவுக்குச் சங்கத்தின் ஆண்டு விழாவில் கையெழுத்து வாங்குவது என்று முடிவாயிற்று. பள்ளிக்கூடத்து விளையாட்டு மண்டபத்தை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். வாசலில் கொத்துரொட்டி, உள்ளே நடனம், நடுவில் எங்களுடைய மேசை. மேசைக்குப் பின்னால் தம்பியின் படம், ஆள் உயரத்துக்கு. மேலே சிவப்பு எழுத்தில் நிரபராதி என்று தமிழிலும் ஜெர்மனிலும். சனம் கொத்துரொட்டித் தட்டை ஒரு கையில் பிடித்தபடி மற்றக் கையால் கையெழுத்து வைத்தது. பாதித் தாளில் எண்ணெய். என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவரும் வாசிக்கவில்லை. வாசிக்க அவசியமும் இல்லை, படத்தைப் பார்த்தாலே போதும் என்றார்கள். அந்தப் படத்தில் அவன் நல்ல வடிவு.

மனுவை எழுதியவர் கேஸ் எழுதும் அண்ணை. எங்கள் ஊர் மனுசர் அவர். எண்பதுகளில் முதல் ஆளாக வந்தவர், அதிலிருந்து யார் வந்தாலும் அவர்தான் கேஸ் எழுதுவார். பென்சன் எடுத்த பிறகும் அந்தத் தோல் பையைக் கைவிடவில்லை. இருக்கச் சொன்னால் இருக்க மாட்டார், நின்றபடிதான் கதைப்பார்.

"தங்கச்சி, நீ ஒண்டுக்கும் யோசியாதை. ராசாவுக்கு எழுதுறதும் கேஸ்தான். விலாசம் மட்டும்தான் வேறை" என்றார்.

என் மகள் இங்கே பிறந்து வளர்ந்தவள். காப்புறுதிக் கந்தோர் ஒன்றில் வேலை. எதையும் இரண்டு தரம் வாசிக்கும் சாதி.

"மாமா, எந்த ராசா? அங்க மாநிலங்களுக்குத் தனித்தனியாச் சுல்தான்மார் இருக்கினம் எண்டு போட்டிருக்கு" என்றாள்.

"எல்லாருக்கும் மேலை ஒருத்தர் இருக்கிறார் பிள்ளை. மேலை இருக்கிறவரை விட்டிட்டுக் கீழை இருக்கிறவைக்கு ஏன் எழுதுவான்?"

சுற்றி நின்ற எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எங்கள் பழக்கம் அது. சான்சலருக்கு எழுதினோம், பாப்பரசருக்கு எழுதினோம், எப்போதும் உச்சியில் இருப்பவருக்குத்தான் எழுதினோம். ஒருவரும் பதில் போடாவிட்டாலும் எழுதிய இடம் பெரிய இடம் என்ற ஒரு பெருமை.

அண்ணையின் மனு ஒரு கொத்தாக இருந்தது. வெள்ளைக்காரன் இலங்கையை விட்டுப் போன கதையில் தொடங்கி, யுத்தம், இடப்பெயர்வு, முகாம் என்று வந்து, தம்பியின் பெயர் ஐந்தாம் பக்கத்தில்தான் தலைகாட்டியது. அதற்குப் பிறகு பஸ்ஸில் எந்த சீற், பையின் நிறம், பையைத் தந்தவனின் மீசை, அரசதரப்புச் சாட்சி எங்கே மாறிச் சொன்னான் என்று ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்திருந்தார். முடிவில் தடித்த எழுத்தில்: இவர் ஒரு குற்றமும் செய்யவில்லை. வாசித்ததும் எனக்குக் கண்ணீர் வந்தது. இதை வாசித்த பிறகும் ஒரு அரசர் இரங்காமல் இருப்பாரா என்று நினைத்தேன்.

வேலையில் என்னோடு நிற்கும் ஜெர்மன்காரியும் கையெழுத்து வைத்தாள். இந்தக் காலத்திலும் ராசா இருக்கிறாரா என்று அவளுக்கு ஆச்சரியம். நல்லதுதானே, எங்களுக்கும் ஒருவர் இருந்தால் நேரே போய்க் கேட்கலாம் என்றாள். நான் பெருமையாகத் தலையாட்டினேன். பதிவுத் தபாலில் அனுப்பினோம். கிடைத்தது என்று அட்டை திரும்பி வந்த அன்று சாமிப் படத்துக்கு முன்னால் வைத்து விளக்கேற்றினேன்.

பிறகு ஒரு நாள் வேலையில், படுக்கை விரிப்பு அடுக்கும் அறையில் நிற்கும்போது, தம்பியின் வழக்கறிஞர் கூப்பிட்டார். மலேசியத் தமிழ்ப் பெண், தங்கமான பிள்ளை, ஆனால் சுற்றி வளைக்கத் தெரியாது.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. நீங்க மாமன்னருக்கு அனுப்பியிருக்கீங்க. உங்க தம்பியப் புடிச்சது மாநிலத்துல. அந்தக் கேசுக்கு அந்த மாநிலத்துச் சுல்தான்தான் மன்னிப்புக் கொடுக்கணும். மாமன்னர் இதுல கை வைக்க முடியாது லா."

"அவர் எல்லாருக்கும் மேலைதானே தங்கச்சி?"

"மேலதான். ஆனா இதுக்கு மேல இல்ல."

"சரி, சுல்தானுக்கே எழுதுறம். அவர் நினைச்சா விடலாம்தானே?"

"அவரு தனியா நினைக்க மாட்டாரு அக்கா. மன்னிப்பு வாரியம்னு ஒண்ணு இருக்கு. அவரு தலைமையில உக்காருவாரு. அரசாங்கத்துப் பெரிய வழக்கறிஞரு கருத்து எழுதிக் குடுப்பாரு, மாநிலத்து முதலமைச்சர் இருப்பாரு, இன்னும் சில பேரு. அவங்க என்ன சொல்றாங்களோ அதக் கேட்டுத்தான் செய்வாரு."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "அப்ப ராசா எண்டு ஒரு ஆள் என்னத்துக்கு? முடியைப் போட்டுக்கொண்டு கூட்டம் நடத்தவோ?" என்று கத்திவிட்டேன். பாவம், அந்தப் பிள்ளை என்ன செய்யும். சட்டம் அப்படித்தான் என்று சொல்லிவிட்டு, இன்னொண்ணு இருக்கு என்றது.

"நிரபராதின்னு எழுதியிருக்கீங்க. அதக் கோர்ட்டுல சொல்லி முடிச்சாச்சு. இது கோர்ட் இல்ல. செய்யவே இல்லன்னு சொல்றவர எதுக்கு மன்னிக்கறதுன்னு கேப்பாங்க. ஒத்துக்கணும்னு சட்டத்துல கட்டாயம் இல்ல அக்கா. ஆனா நான் பாத்த வரைக்கும், தப்பு செஞ்சேன், வருந்தறேன்னு எழுதுனவங்களுக்குத்தான் ஏதாவது கெடைச்சிருக்கு."

அன்று பின்னேரம் மகளிடம் சொல்லிக் குமுறினேன். அவள் ஆச்சரியப்படவே இல்லை.

"இங்கயும் அப்பிடித்தான் அம்மா. எங்கட ஜனாதிபதியும் எல்லாரையும் விடேலாது. பெரிய அரசாங்கக் கேசுகள் கொஞ்சம்தான் அவற்ற கையில. மற்றதெல்லாம் அந்தந்த மாநிலம்" என்றாள். "அதோட, க்னாடெ எண்டால் உரிமை இல்லை. கேக்கலாம், அவ்வளவுதான். தராட்டி ஏன் தரேல்லை எண்டு கேக்கேலாது."

க்னாடெ என்றால் கருணை. இத்தனை வருசம் இந்த மொழி பேசுகிறேன், கோயில் பக்கத்துச் சேர்ச்சில் பாட்டாகக் கேட்டதைத் தவிர அந்தச் சொல்லை நான் பாவித்ததே இல்லை.

கேஸ் எழுதும் அண்ணையிடம் விசயத்தைச் சொன்னேன். மனுசன் அன்றைக்குத்தான் முதன்முதலாக எங்கள் வீட்டுக் கதிரையில் இருந்தார். "செய்தவன் எண்டு எழுதவோ? நான் வாழ்க்கையில ஒருத்தரையும் அப்பிடி எழுதினதில்லை. என்ர கை எழுதாது தங்கச்சி" என்றார். தேத்தண்ணியைக் குடிக்காமல் எழும்பிப் போய்விட்டார். எனக்குக் கோபம் வந்தது. உங்கட கை எழுதாட்டி அவன்ர கால் போகுது அண்ணை என்று வாசலில் நின்று சொன்னேன். கேட்டதோ தெரியாது.

தம்பியிடம் கேட்காமல் எழுத ஏலாதே. வழக்கறிஞர் சிறைக்கு எழுதி, ஒரு தொலைபேசி அழைப்புக்கு அனுமதி வாங்கித் தந்தார். எனக்கு அப்போது காலை, வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டு நின்றேன். விசயத்தை நேரே சொன்னேன்.

"அக்கா, தொடக்கத்திலயே ஒத்துக்கொள்ளு, தண்டனை குறையும் எண்டு எனக்கு அப்பவே சொன்னவை. தூக்கு எண்டு தெரிஞ்சும் நான் தெரியாது எண்டுதான் சொன்னனான். இஞ்ச என்னட்டை வேறை என்ன கிடக்கு? அது ஒண்டுதான் கிடக்கு."

"எனக்கு விளங்குது ராசா. வெளியில வா. வந்தாப் பிறகு உலகத்துக்கே சொல்லுவம், பொய்யா எழுதினது எண்டு."

"அம்மா இருந்தா எழுத விடுவாவோ?"

அம்மா அவனை நினைத்து நினைத்தே போய்ச் சேர்ந்தவர். நான் சொன்னேன்: "அம்மா இருந்தா என்னை விடக் கெதியா எழுதுவா. கால் எப்பிடி?"

"காயம் ஆறேல்லை" என்றான். பிறகு பெருமூச்சு விட்டான். "சரி, எழுது. எழுதுறதை வடிவா எழுது. அழுத மாதிரி எழுது. அரைகுறையா எழுதினா ரெண்டும் இல்லாமல் போயிடும்."

மகள் ஆங்கிலத்தில் அடித்தாள். நான் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். பைக்குள் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். ஆசைப்பட்டுச் செய்துவிட்டேன். இந்த நாட்டுக்கும் மக்களுக்கும் தீங்கு செய்ததற்கு மனம் வருந்துகிறேன். நோயாளியாக இருக்கிறேன், மேன்மை தங்கிய தங்கள் கருணையைக் கேட்டு நிற்கிறேன். இரண்டே பக்கம். இலங்கை வரலாறு இல்லை, பஸ் சீற் இல்லை, மீசை இல்லை. மகள் ஒரு இடத்தில் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தாள்.

"அம்மா, இது உண்மையோ?"

"விசர்க் கதை கதையாதை. அடி" என்றேன். அவள் அடித்தாள். ஆனால் அவளுக்கு அந்தக் கேள்வி வந்துவிட்டதே என்று எனக்குப் பொறுக்கவில்லை. பால்குடியாக இருக்கும்போது அவனுடைய சத்தத்தைத் தொலைபேசியில் கேட்டுச் சிரித்த பிள்ளை அது.

தம்பி சிறையில் கையெழுத்து வைத்தான். ஆதரவுக் கையெழுத்துகளும் வேண்டுமென்றால் பழையவை சரிவராது, நிரபராதி என்று போட்ட தாளை இதோடு வைத்தால் கெடுத்துவிடும், புது மனுவுக்கே ஆட்கள் கையெழுத்து வைக்க வேண்டும் என்றார் வழக்கறிஞர். மறுபடி மண்டபம், மறுபடி மேசை. இந்தத் தடவை படம் வைக்கவில்லை. படத்துக்கு மேல் என்ன எழுதுவது?

போன தடவை வாசிக்காமல் வைத்தவர்கள் இந்தத் தடவை கண்ணாடியை எடுத்துப் போட்டு வாசித்தார்கள். என்னோடு கோயிலில் பூமாலை கட்டும் ஒரு அக்கா இரண்டு பக்கத்தையும் முழுக்க வாசித்துவிட்டு, "அப்ப தெரிஞ்சுதான் கொண்டு போனவரோ?" என்று கேட்டா.

"இல்லை அக்கா. மன்னிப்புக்காகச் சும்மா அப்பிடி எழுதினது."

"சும்மா எழுதினதுக்கு நான் எப்பிடிப் பிள்ளை கையெழுத்து வைக்கிறது? உண்மையெண்டாலும் வைக்கேலாது, பொய்யெண்டாலும் வைக்கேலாது."

மனுஷி சொன்னதில் பிழை இல்லை. பிழை இல்லாததால்தான் எனக்கு அவவின் கழுத்தைத் திருக வேண்டும்போல் வந்தது. பின்னால் நின்றவர்கள் மெல்லக் கொத்துரொட்டிப் பக்கம் நகர்ந்தார்கள். பிள்ளைகள் வைத்திருக்கிறவர்கள், போதைவஸ்து என்ற சொல்லைக் கண்டதும் பேனையை வைத்துவிட்டார்கள். அன்றைக்குக் கையெழுத்து வைத்தது என் வீட்டு ஆட்களும் வேலைத்தலத்து ஜெர்மன்காரியும் இன்னும் சில பேரும்தான். பாதித் தாள் கூட நிரம்பவில்லை.

கேஸ் எழுதும் அண்ணை கடைசியாக வந்தார். அவரும் வாசித்தார். தாளை மடித்து, மேசையில் வைத்து, உள்ளங்கையால் ஒருமுறை நீவிவிட்டார்.

"நானும் வைக்கமாட்டன் தங்கச்சி. மற்றவை நம்பாமல் வைக்காமல் போகினம். நான் அவனை நம்புறதாலதான் வைக்கேலாது" என்றார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. அந்த நேரத்தில் எனக்கு அந்தக் கண்ணீர் ஒன்றுக்கும் உதவாத கண்ணீராகத்தான் தெரிந்தது.

மனு சரியான சுல்தானிடம், சரியான வழியில், சரியான சொற்களோடு போனது. பிறகு காத்திருந்தோம். நல்ல நாள் பெருநாள் வந்தால், சுல்தானின் பிறந்தநாள் வந்தால், அன்றைக்கு ஏதாவது நடக்கும் என்று தொலைபேசியைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரிவேன். அந்த மனுசருக்கு ஆயுள் நீள வேண்டும் என்று நேர்த்தி கூட வைத்தேன். சிரிக்காதீர்கள், என் தம்பியின் ஆயுள் அவர் கையில் இருக்கிறது என்று நினைத்தால் நீங்களும் வைப்பீர்கள்.

ஒரு நாள் வழக்கறிஞரின் செய்தி வந்தது. வாரியம் கூடியது, மன்னிப்பு வழங்கப்படவில்லை. அவ்வளவுதான். உடனே தொலைபேசி எடுத்துக் கேட்டேன், ஏனாம்?

"காரணம் சொல்ல மாட்டாங்க அக்கா. சொல்லணும்னு இல்ல. கோர்ட்டுல போய்க் கேக்கவும் முடியாது."

"சுல்தான் வாசிச்சவரோ? அதையாவது சொல்லுங்கோ."

"தெரியாது அக்கா. எனக்குத் தெரிய வழி இல்ல."

"மாமன்னரிட்டை ஒருக்கால்..."

"முடியாது அக்கா" என்றார், நான் முடிப்பதற்கு முதலே. சில வருசம் கழித்துத் திரும்பவும் மனுப் போடலாம் என்றார். சில வருசம்! அந்தக் கால் சில வருசம் பொறுக்குமா? நான் அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. மகள் வந்து பக்கத்தில் இருந்தாள். ஏன் தரவில்லை என்று கேட்க ஏலாது என்று அவள் முதலே சொல்லிவிட்டாளே.

தம்பியோடு மறுபடி கதைக்க அனுமதி கிடைத்தது கன நாள் கழித்துத்தான். எனக்கு இந்தத் தடவையும் காலை நேரம்தான். கால் எப்படி என்று கேட்டேன். மற்றக் காலிலும் விறைப்புத் தொடங்கிவிட்டது என்றான். கூப்பன் கடையில் அரிசி வரவில்லை என்பதுபோல் சொன்னான்.

"அக்கா, ஒரு விசயம். போன கிழமை இஞ்ச கொஞ்ச வக்கீல்மார் வந்தவை. காசு வாங்காத ஆக்கள். பையை மற்றவை குடுத்து ஏமாந்த ஆக்களின்ர கேசுகளை மட்டும் தேடிப் பிடிச்சுத் திரும்பக் கோட்டுக்குக் கொண்டு போகினமாம். என்ர கேசை முதல் பேராய் வைச்சிருந்தவை. எல்லாக் கோட்டிலயும் ஒரே கதையைத்தான் சொல்லியிருக்கிறாய், ஒரு சொல்லும் மாறேல்லை, உன்ர கேஸ்தான் நல்ல கேஸ் எண்டு சொன்னவை."

அடுத்து என்ன சொல்லப் போகிறான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"பேந்து ஃபைலைப் புரட்டிக்கொண்டு போகேக்க மனு வந்திட்டுது. இது நீ எழுதினதோ, தெரியும் எண்டு எழுதியிருக்கிறாயே எண்டு கேட்டினம்."

"ஓம், நான்தான் எழுதினது எண்டு சொன்னனியோ? அக்காதான் எழுதினவ, நான் சும்மா கையெழுத்து வைச்சனான் எண்டு சொல்லியிருக்கலாமே! நான் வந்து சொல்லுறன். எங்க வேணுமெண்டாலும் வந்து சொல்லுறன்."

"சொன்னா ஆர் அக்கா நம்புறது? ஓம், என்ர கையெழுத்துத்தான் எண்டு சொன்னனான். நல்ல மனுசர். தோளில தட்டிப்போட்டு அடுத்த ஆளிட்டைப் போயிட்டினம்."

நான் அழுதேன். நேரம் முடியப் போகிறது என்று பக்கத்தில் யாரோ மலாயில் சொல்வது கேட்டது.

"அழாதை அக்கா. அடுத்த முறை மனுப் போடேக்கையும் இதையே எழுது. தெரிஞ்சுதான் செய்தனான் எண்டே எழுது. இனி மாத்தி எழுதினா, என்னைப் பொய்க்காரன் எண்டு நினைப்பினம்."